ஆர்கன்சா அரிசியா, பாஸ்மதியா? ஆர்சனிக், காட்மியம் கணக்கு

அமெரிக்காவில் அரிசி வாங்கும்போது உள்நாட்டு மூட்டைதான் சுத்தம், கப்பலில் வந்தது சந்தேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அரிசியில் சேரும் ஆர்சனிக் என்ற நச்சைப் பொறுத்தவரை பெரும்பாலும் நேர்மாறு.

ஆர்கன்சா, லூசியானா, டெக்சஸ் நெல்வயல்களில் பல முன்பு பருத்திக் காடுகள். பருத்திக்கு அடித்த ஆர்சனிக் மருந்து மண்ணிலேயே தங்கிவிட்டது. வயலில் தண்ணீர் கட்டினால் காற்று புகாமல் மண்ணின் இரும்பு ஆக்சைடு கரையும். அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபடும். வேர் சிலிக்காவை இழுக்கும் அதே வழியில் அதுவும் பயிருக்குள் ஏறிவிடும். 2014இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு சோதித்தபோது இந்திய, பாகிஸ்தான், கலிஃபோர்னியா வெள்ளை பாஸ்மதியில் கனிம ஆர்சனிக் (இதுதான் அதிக நச்சு வடிவம்) மற்ற பெரும்பாலான அரிசிகளில் இருந்ததில் பாதிதான். கலிஃபோர்னியாவும் உள்நாடுதானே! ஆக, நாட்டைவிட வயலும் தண்ணீரும்தான் முக்கியம். வங்கதேசத்தில் ஆர்சனிக் கலந்த குழாய்க் கிணற்று நீர் பாயும் போரோ என்ற வறண்ட பருவ நெல்லிலும் இதே சிக்கல்.

காட்மியம் என்ற நச்சு உலோகம் தலைகீழ். நீர் நின்றால் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும். வயல் காய்ந்தால் பயிருக்குள் போகும். ஆர்சனிக்கைக் குறைக்க வயலைக் காயவிட்டால் காட்மியம் கூடக்கூடும். சீனாவின் ஹுனான் அரிசியில் 2013இல் பெரிய பிரச்சினையானது காட்மியம்தான்.

ஈயம்? இறக்குமதி அரிசியில் ஏராளம் என்று 2013இல் வந்த அமெரிக்க ஆய்வு, கருவிக் கோளாறு தெரிந்து திரும்பப் பெறப்பட்டது. அதை நம்பி எந்த அரிசியையும் ஒதுக்க வேண்டாம்.

தீட்டாத அரிசியில் தவிட்டோடு ஆர்சனிக்கும் தங்குகிறது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் கனிம ஆர்சனிக் வரம்பே தீட்டிய அரிசிக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், தீட்டாததற்கு 0.35. சத்துக்காகக் குழந்தைக்கு தினமும் அதையே ஊட்டுவது சரியல்ல. ஓட்ஸ், கேழ்வரகு என மாற்றிக் கொடுங்கள்.

சமையலில் குக்கர் தோற்கும், வடித்த சோறு ஜெயிக்கும். ஒரு கப் அரிசிக்கு 6 முதல் 10 கப் தண்ணீர் வைத்து வடித்தால் கனிம ஆர்சனிக் 40 முதல் 60 சதவீதம் போகும். வடிக்கப் பொறுமையில்லையா? 4 கப் கொதிநீரில் 5 நிமிடம் வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக 2 கப் ஊற்றி சிறுதீயில் வற்றவிடுங்கள். இரண்டிலும் பி வைட்டமினும் போகும். ஆர்சனிக் கூடிய அரிசியென்றால் அந்தக் கஞ்சியைக் குடிக்காதீர்கள். காட்மியம் இப்படியெல்லாம் அவ்வளவாக இறங்காது; அதற்கு வேறு இடத்தில் விளைந்த அரிசியைத்தான் வாங்க வேண்டும்.

வீட்டுக்குச் சொந்தக் கிணற்று நீர் என்றால் முதலில் அதைச் சோதியுங்கள்: தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் வேகும் அரிசி அதையும் உறிஞ்சிக்கொள்ளும்.