ஏழு ஊசி, ஒரு ரப்பர் பட்டை: ஹார்மோன் சிகிச்சையோடு 21 மாதங்கள்

புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்றுத் தோலுக்கடியில் கோசெரெலின் 10.8 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொள்கிறேன். இதுவரை ஏழு ஆகிவிட்டன. வயது 67. மதுரைக்காரன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால் எதையும் நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கட்டிக்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை மருந்து ஓயாமல் தட்டித் தட்டிச் சலிக்கவைக்கிறது. விரைக்குப் போகிற உத்தரவு நின்றுபோகிறது. குறைவதற்கு முன்னால் ஹார்மோன் சில நாள் கூடும் என்பதால், அது கட்டியில் வேலை செய்யாமல் தடுக்க முதல் சில வாரம் பைகலுடமைடு 50 மில்லிகிராம் மாத்திரையும் கொடுத்தார்கள். கதிர்வீச்சும் முடிந்தது. இந்த நோயின் போக்கை ரத்தத்தில் காட்டும் பிஎஸ்ஏ அளவு 41 இருந்தது, இப்போது 0.1-க்குக் கீழே. ஊசி சற்றுத் தடிமன். அரிசிமணி போன்ற துண்டு ஒன்றை உள்ளே வைப்பதால் இரண்டு நாள் கன்றிப்போய் இருக்கும். மருந்தின்மேல் எனக்குள்ள புகார் அத்தோடு சரி.

புகார் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் ஊசியன்று மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ‘தினமும் நடக்கவும், சத்தான உணவு உண்ணவும்’ என்று இருந்தது. சொன்னபடி கேட்டேன். காலை ஐந்தரைக்கு வண்டியூர் தெப்பக்குளம், நான்கு சுற்று. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆறாவது மாதம் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில் தரையில் பந்தி போட்டார்கள். பாயசம் வரை எல்லாம் சரி. இலையை மூடிவிட்டு எழப் போனால், தொடை எழவில்லை. கையை ஊன்றினேன், அதுவும் நடுங்கியது. பக்கத்து இலைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து எடை பார்த்தேன். 71 கிலோவாக இருந்தவன் 77. ஆனால் கால் சட்டைக்குள் தொடை சிறுத்துப்போய் இருந்தது. கூடியது அத்தனையும் வயிற்றில். டெஸ்டோஸ்டிரோன் இல்லாத உடம்பில் தசை கரையும், கொழுப்பு சேரும், எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். நடை இதயத்துக்கு நல்லதுதான், ஆனால் கரைகிற தசையை அது மட்டுமே பிடித்துவைக்காது. இந்த ஒரு வாக்கியத்தை அந்தத் தாளில் யாராவது அச்சடித்திருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

பிறகு நானாகக் கேட்டு இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போனேன். முதலில் ஒரு நாற்காலியைப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது நொடியில் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறேன் என்று எண்ணினார். ஒன்பது. ரப்பர் பட்டை ஒன்றை வாங்கச் சொன்னார். அதை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது, சுவரில் கையூன்றித் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களைத் தோளுக்கு மேல் தூக்குவது. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். எலும்புக்கு நோய் பரவியவர்கள் இதையெல்லாம் தாமாகச் செய்யக்கூடாது, எந்த இடத்தில் பளு ஏற்றலாம் என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும் என்றும் எச்சரித்தார். எனக்குப் பரவவில்லை.

முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. இந்தச் சிகிச்சையில் வரும் அசதி தூங்கி எழுந்தால் போகிற அசதி அல்ல. காலையிலேயே மாலை ஆனதுபோல இருக்கும். அந்த நாள்களில் ஐந்து நிமிடம் மட்டும் என்று என்னோடு பேரம் பேசித் தொடங்குவேன். பெரும்பாலும் இருபது நிமிடமாவது ஓடிவிடும். போன வாரம் நாற்காலிக் கணக்கு பதினான்கு.

சாப்பாட்டில் நான் செய்த முட்டாள்தனம் கேழ்வரகு. மருத்துவர் உணவும் மாத்திரையுமாக நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்றார். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது என்று படித்துவிட்டு, காலையும் மாலையும் பெரிய டம்ளரில் வெல்லம் போட்டுக் கஞ்சி குடித்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.7 சதவீதத்திலிருந்து 6.4-க்குப் போய்விட்டது. கஞ்சியை நிறுத்தி, முருங்கைக் கீரை போட்ட அடையாக, ஒரு வேளை மட்டும் என்று மாற்றினேன். கூடவே தயிர், இரண்டு முட்டையின் வெள்ளைக் கரு, சுண்டல், வாரம் இரண்டு நாள் மீன். வைட்டமின் டி குறைவாக இருந்ததால் மருத்துவர் சொன்னபடி வாரம் ஒன்றாக எட்டு வாரம் 60,000 யூனிட் எடுத்தேன். சர்க்கரை இப்போது 5.9. எலும்பு அடர்த்திச் சோதனையில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் -1.6 இருந்தது, ஓராண்டு கழித்து -1.8. எலும்புப்புரை என்று சொல்லும் எல்லை -2.5. இதற்கென்று தனி ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். ஜிகர்தண்டாவை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மாதம் ஒன்று.

உடம்பு சூடேறுவது மட்டும் மதுரையில் தனிக்கொடுமை. நெஞ்சிலிருந்து கிளம்பிக் காது வரை தகிக்கும், பிறகு சட்டை நனையும். நோட்டில் எண்ணியபோது ஒரு நாளைக்குப் பதினொன்று. கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்தாலும் காரக் குழம்பு சாப்பிட்டாலும் உடனே வரும் என்பது அதே நோட்டில்தான் தெரிந்தது. காப்பியை ஆற்றிக் குடிக்கிறேன். பருத்திச் சட்டை, தலைமாட்டில் ஈரத்துண்டு. இப்போது ஐந்தாறு. ஒரு ராத்திரி மின்விசிறியைக் கூட்டச் சொன்னபோது மனைவி சொன்னாள்: “எனக்கு மாதவிடாய் நின்ற வருஷம் இதேதான். நீங்கள் குளிருகிறதென்று விசிறியை நிறுத்தினீர்கள்.” எழுந்து போய் நானே கூட்டினேன்.

ஆசை போய்விட்டது. அதை மறைக்க ஒன்றுமில்லை. வருத்தப்படக்கூட ஒரு ஆசை மிச்சமிருக்க வேண்டுமே. அழுகை மட்டும் தாராளமாக வருகிறது. பேரன் பள்ளி விழாவில் மரமாக நின்றான், வசனம்கூட இல்லை, அதற்கு அழுதேன். இரண்டையும் மனைவியிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகு வீட்டில் இறுக்கம் குறைந்தது. தெரு முனையில் இருக்கும் நண்பர் ஒருவர் அன்போடு ‘ஆண்மை லேகியம்’ கொண்டுவந்தார். டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. காசு கொடுத்து ஊசி போட்டுக் குறைப்பதை லேகியம் தின்று கூட்டுவதா? அவர் போனதும் அலமாரி மேல்தட்டில் தூக்கி வைத்தேன்.

அடுத்தது எட்டாவது ஊசி. அதோடு இரண்டு ஆண்டுக் கணக்கு முடிகிறது. முடிந்த பிறகும் ஹார்மோன் திரும்பப் பல மாதம் ஆகும், இந்த வயதில் முழுவதும் திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது, இழுத்தால் பிடிப்பே இல்லை. இதைவிடத் தடிமனான சிவப்புப் பட்டை ஒன்று வாங்கியிருக்கிறேன். பழையதை மனைவி எடுத்துக்கொண்டாள்.