ஏழாம் வகுப்புக்கு எந்த ரத்தக்காட்டேரி?

போன வருடம் குளிர்கால விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தாள். கறுப்பு அட்டை, இரண்டு வெளுத்த கைகள், அவற்றில் ஒரு சிவப்பு ஆப்பிள். ‘ட்வைலைட்’, ஒரு ரத்தக்காட்டேரிக் காதல் கதை. வகுப்பில் அவளுடைய தோழிகள் எல்லாரும் படித்து முடித்துவிட்டார்களாம். அவளுக்கு 12 வயது, இங்கே அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அன்று இரவு வாட்ஸ்அப்பில் ஊரிலிருந்து பேசிய என் மாமியார், “விளக்கு வைக்கிற நேரத்துல என்ன கண்ணு காட்டேரிப் பேச்சு?” என்று அவளை அதட்டினார். நான் அதட்டவில்லை. ஆனால் அவள் தூங்கிய பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்று மூன்றாகி, மூன்று வரிசையாகி, மார்ச் மாதம் வரை வீட்டில் ரத்தக்காட்டேரிகளோடுதான் குடித்தனம்.

பேய்க்கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகுமா என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாங்கள் எடுத்துப் பார்த்த ‘ட்வைலைட்’, ‘டிராகுலா’, ‘சர்க் டு ஃப்ரீக்’ மூன்றிலுமே ரத்தமும் இருட்டும் உண்டு. எனக்குப் பட்ட வித்தியாசம் வேறு இடத்தில்.

முதலில் ‘டிராகுலா’. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதியது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இலவசமாகவே கிடைக்கும். கதை முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி என்றே ஓடும். முதல் நான்கு அத்தியாயங்களை நானும் மகளும் சத்தமாகப் படித்தோம். டிராகுலா பிரபுவின் கோட்டைக்கு வந்து தங்கும் ஜோனதன் முகம் மழிக்கும்போது பின்னால் வந்து நிற்கும் பிரபுவின் உருவம் கண்ணாடியில் விழாத இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோட்டைச் சுவரில் பிரபு தலைகீழாகப் பல்லி மாதிரி இறங்கும் இடம் வந்ததும், எங்கள் ஊர் வீட்டுச் சுவரில் பார்த்த பல்லி ஞாபகம் வந்து இரண்டு நாள் அதையே பேசினாள். ஐந்தாம் அத்தியாயத்தில் கதை இங்கிலாந்துக்குப் போய் ஜோனதனுக்கு நிச்சயமான மீனாவும் அவள் தோழி லூசியும் கடிதம் எழுதத் தொடங்கியதும் அவளுக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. நானும் வற்புறுத்தவில்லை. லூசியின் கல்லறைக் காட்சி 12 வயதுக்குக் கனமானது. ஆங்கிலமும் பழசு. உயர்நிலைப் பள்ளிக்குப் போனபின் தானாகத் திரும்பி வருவாள் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே போட்டி ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வரிசைக்கும் டேரன் ஷானின் ‘சர்க் டு ஃப்ரீக்’ வரிசைக்கும்தான். நான் டேரன் ஷான் பக்கம். ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம்மில் பலர் முதல் பாகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். ‘ட்வைலைட்’ முதல் பாகத்தில் முத்தத்துக்கு மேல் எதுவும் இல்லை. எளிய நடை, வேகமான கதை. மகள் நான்கு நாளில் முடித்துவிட்டு, ஐந்தாம் நாள் காலை தோசைத் தட்டோடு வந்து, “அம்மா, அடுத்தது எப்ப?” என்று நின்றாள். பிள்ளை கேட்பது ஒரு புத்தகத்தை அல்ல, ஒரு வரிசையை. முதல் பாகத்துக்குத் தலையாட்டினால் கடைசிப் பாகத்துக்கும் சேர்த்தே தலையாட்டியதாகிவிடும்.

அந்த நான்கு புத்தகங்களும் வெளியானது 2005, 2006, 2007, 2008 என்று வருடத்துக்கு ஒன்றாக. முதல் பாகத்தை 13 வயதில் படித்த பெண் கடைசிப் பாகத்தைக் கையில் எடுக்கும்போது 16 வயதாகியிருப்பாள். கதை அவளோடு சேர்ந்து வளர்ந்தது. இன்றைக்கு என் மகளுக்கு அந்த இடைவெளி கிடையாது. நான்கும் நூலகத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு விடுமுறையில் எல்லாவற்றையும் விழுங்கிவிடலாம்.

விழுங்கினால் என்ன கிடைக்கும்? இரண்டாம் பாகத்தில் காட்டேரிக் காதலன் எட்வர்ட் பிரிந்து போனதும் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் அச்சிட்ட பக்கங்கள் வருகின்றன. கதாநாயகி பெல்லாவுக்கு வாழ்க்கையே நின்றுபோனது என்று பொருள். எழுத்தாக அது அழகான உத்தி, மறுக்கவில்லை. ஆனால் அதே பாகத்தில் அவன் குரல் மனசுக்குள் கேட்கும் என்பதற்காகவே அவள் பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். மூன்றாம் பாகத்தில், அவள் தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்று அவளுடைய டிரக் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி எடுத்துவிடுகிறான் எட்வர்ட். நான்காம் பாகத்தில் 18 வயதில் கல்யாணம், தேனிலவு, உடம்பில் கன்றிய தடங்கள், அதற்குப்பின் வயிற்றைக் கிழித்து நடக்கும் ஒரு பிரசவம். ஆப்பிள் படம் போட்ட அட்டையைப் பார்த்து இதையெல்லாம் எந்தத் தாயும் ஊகிக்க முடியாது.

அந்த எஞ்சின் காட்சியில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போக விடாமல் தடுப்பதை அன்பு என்று என் பெண் 12 வயதில் படித்துக்கொள்வதை நான் விரும்பவில்லை. முதல் பாகத்திலேயே, பெல்லா தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் எட்வர்ட் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பற்றி மகளிடம் கேட்டேன். “பாவம்மா, அவனுக்குத் தூக்கமே வராதுல்ல” என்றாள். அதில்தான் எனக்குப் பயம்.

டேரன் ஷானின் வரிசை 12 சிறு புத்தகங்கள். முதல் பாகம் 2000இல் வந்தது. இரவுச் சர்க்கஸுக்குப் போகும் டேரன் என்ற பையன் அங்கிருந்து ஒரு விஷச் சிலந்தியைத் திருடுகிறான். அது அவன் நண்பன் ஸ்டீவைக் கடித்துவிடுகிறது. மாற்று மருந்து ரத்தக்காட்டேரியான க்ரெப்ஸ்லியின் கையில். விலை, டேரன் பாதிக் காட்டேரியாகி அவரோடு போக வேண்டும். நண்பனைக் காப்பாற்ற ஒத்துக்கொள்கிறான். வீட்டாரிடம் விடைபெற வழியில்லாமல், செத்தவன் போலக் கிடந்து புதைக்கப்படுகிறான். அன்றிரவு க்ரெப்ஸ்லி தோண்டி எடுக்கிறார்.

இதுவும் பயங்கரம்தான். அதைவிடக் கடினமான காட்சி இரண்டாம் பாகத்தின் முடிவில் இருக்கிறது: சாகும் தறுவாயில் இருக்கும் சிறுவன் ஒருவனின் ரத்தத்தை டேரன் குடிக்க நேர்கிறது. பெற்றோர் அதை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது. ஒன்பதாம் பாகத்தில் ஒரு பெரிய சாவு, யாருடையது என்று சொல்லமாட்டேன். கடைசிப் பாகங்களில் சண்டை இன்னும் அதிகம். ஆனால் இந்த வரிசை வாசலிலேயே தன் முகத்தைக் காட்டிவிடுகிறது. முதல் பாகத்தைத் தாங்கிய பிள்ளைக்குப் பின்னால் வருவது அளவில் கூடுமே தவிர வேறு வகையாக மாறாது. காதல் வந்தாலும் ஓரத்தில் நின்றுவிடுகிறது. ஒரு திருட்டுக்கு அந்தப் பையன் வீட்டையும் தங்கை ஆனியையும் இழக்கிறான். அந்த இழப்பைக் கதை எந்த இடத்திலும் இனிப்புத் தடவித் தருவதில்லை.

புதைக்கும் அத்தியாயத்தைப் படித்த அன்று மகள் சமையலறைக்கு வந்தாள். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். “அவங்க அம்மாவுக்கு அவன் உயிரோட இருக்கறது கடைசி வரை தெரியாதாம்மா?” என்று கேட்டாள். அந்த வருடம்தான் என் அப்பா ஊரில் தவறிப்போயிருந்தார். டிக்கெட் கிடைத்து நான் மட்டும்தான் போக முடிந்தது. தாத்தாவின் காரியத்தில் என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னிடம் கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

இன்னொரு வசதியும் உண்டு. டேரன் ஷானின் ஒரு பாகத்தை ஒரே மாலையில் நான் படித்துவிடுவேன். அதனால் மகளைவிட எப்போதும் ஒரு புத்தகம் முன்னால் இருக்க முடிகிறது. ‘ட்வைலைட்’ வரிசையில் இரண்டாம் பாகமே ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும், நான்காவது எழுநூறைத் தாண்டும். வேலைக்குப் போகிற அம்மாவால் பின்தொடர்வது கஷ்டம்.

‘ட்வைலைட்’டை நூலகத்திலிருந்து அகற்றச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2009இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில், அதிக எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்களில் அது 5ஆவது இடத்தில் இருந்தது. என் பேச்சு என் வீட்டுப் பிள்ளையின் வயதைப் பற்றியது மட்டுமே. எனக்கு ஒரே மகள், அவளும் எளிதில் பயப்படாதவள். இரவில் விளக்கு இல்லாமல் தூங்காத பிள்ளைகளிடம் டேரன் ஷான் எப்படி வேலை செய்யும் என்பதில் எனக்கு அனுபவமில்லை. அவர்களுக்கு 1979இல் வந்த ‘பனிக்குலா’வைக் கொடுத்துப் பார்க்கலாம். அதில் காட்டேரி ஒரு முயல். காய்கறிகளின் சாற்றை உறிஞ்சி வெளுக்க வைக்கும், அவ்வளவுதான்.

‘ட்வைலைட்’டின் மற்ற மூன்று பாகங்களை ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தே படிப்போம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இப்போது டேரன் ஷானில் ஏழாம் பாகம் ஓடுகிறது. எட்டாவதை நேற்று நான் முடித்துவிட்டேன். என்ன ஆகிறது என்று சாப்பாட்டு மேசையில் என் வாயைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.