பாஸ்வொர்த்-டாலர் அகராதியில் வாத்தியாரைத் தேடினால்

ஒரு அகராதி எப்படி என்று பார்க்க, ஒரே வட்டாரத்துச் சொற்களை எடுத்துக்கொண்டு குடைந்து பார்ப்பதுதான் நல்ல வழி. நான் எடுத்தது பள்ளிக்கூடம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வாத்தியாருக்கும் மாணவனுக்கும் பாடத்துக்கும் அடிக்கும் என்ன பெயர் என்று பாஸ்வொர்த்-டாலர் என்ற பழைய ஆங்கில அகராதியில் தேடினேன். பிராக் நகரத்து சார்லஸ் பல்கலைக்கழகம் நடத்தும் தளம், காசு கிடையாது.

ஆனால் நேராக அங்கே போகாதீர்கள். முதலில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் பழைய ஆங்கிலச் சொற்களஞ்சியத்துக்குப் போங்கள் (1995இல் புத்தகமாக வந்தது, இப்போது இதுவும் இலவசம்). அதில் சொற்கள் நம் நிகண்டு மாதிரி பொருள்வாரியாகக் கிடக்கும், கற்பித்தல் பகுதியைத் திறந்தால் போதும். எனக்கு அதில் பிடித்ததே சொல்லுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் சின்ன எழுத்துக் குறிகள்தான்: இது கவிதையில் மட்டும் வருவது, இது லத்தீன் சொல்லுக்குப் பொருள் எழுதிய இடத்தில் மட்டும் வருவது, இது மிக அரிதாக வருவது, இது சந்தேகம் என்று. 'லார்ஸ்மித்' என்று ஒரு சொல் உண்டு, 'லார்' என்றால் போதனை, 'ஸ்மித்' கொல்லன். யாராவது இதைப் பிடித்து, அந்தக் காலத்தில் வாத்தியாரை எல்லாரும் அறிவுக் கொல்லன் என்றுதான் கூப்பிட்டார்கள் என்று ரீல்ஸ் போட்டுவிடுவார்கள். அது கவிதைச் சொல். தெருவில் யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

சாதாரணமாகப் புழங்கிய சொல் 'லாரேயோவ்'. போதனைக்கு ஊழியம் செய்கிறவன் என்ற கூட்டுச்சொல் தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள். இங்கேதான் பாஸ்வொர்த்-டாலர் வேண்டும், ஏனென்றால் சொற்களஞ்சியத்தில் மேற்கோள் கிடையாது, இதில் குவிந்து கிடக்கிறது. மேற்கோளைப் படித்தால்தான் சொல் யார் வாயில், எந்த இடத்தில் வந்தது என்று புரியும். 'லெயோர்னிங்க்னிஹ்த்' என்பதற்கு மாணவன் என்று மட்டும் எழுதியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். பழைய ஆங்கில நற்செய்தி நூல்களில் இயேசுவின் சீடர்களுக்கே அந்தச் சொல்தான். பின்பாதியில் இருக்கும் 'க்னிஹ்த்' அப்போது பையன், பணியாள் என்ற அளவில்தான் இருந்தது, குதிரையும் கவசமும் வந்து 'நைட்' ஆனதெல்லாம் பிறகு.

இலக்கணத்துக்கு 'ஸ்டாஃப்கிராஃப்ட்', அதாவது எழுத்துக் கலை. ஆல்ஃப்ரிக் என்ற துறவி, லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்திலேயே எழுதியவர், நூல்களின் பொருளைத் திறக்கும் சாவி இதுதான் என்கிறார். அவர் பள்ளிப் பையன்களுக்கு லத்தீன் பேச்சுப் பழக ஒரு உரையாடலும் எழுதினார், அதற்கு வரிக்கு மேல் பழைய ஆங்கிலப் பொருள் எழுதிய பிரதி ஒன்று இருக்கிறது. அதில் வாத்தியார், படிக்கும்போது அடி வாங்கச் சம்மதமா என்று கேட்கிறார். தெரியாமல் இருப்பதைவிட அடி வாங்குவதே மேல் என்று பையன்கள் பதில் சொல்கிறார்கள். அடியாத மாடு படியாது என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள், இங்கே அதைப் பையன்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார் மனுஷன். பாடப்புத்தகம் எழுதியவரே வாத்தியார் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, குறைகள். அகராதியைத் தொடங்கிய பாஸ்வொர்த் 1876இல் இறந்துபோனார், மிச்சத்தை டாலர் என்பவர் 1898இல் முடித்தார். பாஸ்வொர்த் கைபட்ட முன்பகுதி எழுத்துகள் பலவீனம், 1921இல் வந்த பிற்சேர்க்கையில் அவற்றுக்குத்தான் திருத்தம் அதிகம். 'போக்கெரே' என்ற புத்தகப் புலவரைத் தேடுகிறவர்கள் முதல் பதிவோடு நிறுத்தாமல் பிற்சேர்க்கையையும் பார்த்தே ஆக வேண்டும். 'லாரேயோவ்' பின்னால் இருப்பதால் அவ்வளவு கவலை இல்லை. அப்புறம் உச்சரிப்பு. 'டேச்சன்' என்ற வினைச்சொல், காட்டு என்பது பழைய பொருள், இன்றைய 'டீச்' இதிலிருந்துதான். அதில் வரும் c எழுத்தைக் க் என்று படிப்பதா ச் என்று படிப்பதா என்று தெரிந்துகொள்ள மேலே ஒரு புள்ளிகூட வைத்திருக்க மாட்டார்கள். நெடிலுக்கும் இன்றைய பாடநூல்கள் மேலே கோடு போடும், இதில் சாய்ந்த குறி. மேற்கோள் நூல்களின் பெயரையெல்லாம் மூன்று நான்கு எழுத்தாக நறுக்கிப் போட்டிருப்பதால் சுருக்கக் குறியீட்டுப் பட்டியலை இன்னொரு பக்கமாகத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் அகராதி இதைவிடத் தரமானதுதானே என்று கேட்பீர்கள். தரம்தான். 1970இல் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை, 'டேச்சன்' இருக்கிற எழுத்து வரவே இல்லை, முழுசாகப் பயன்படுத்தச் சந்தா வேறு.

ஆங்கில எம்.ஏ.வில் மொழி வரலாற்றுத் தாள் எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டு இலவசத் தளமும் தாராளமாகப் போதும். நாலு அழகான சொல் மட்டும் வேண்டும் என்றால் சொற்களஞ்சியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அந்தக் குறிகளை மட்டும் பார்த்துவிட்டு எடுங்கள்.