புகைபோக்கியிலா, திறந்த வெளியிலா: கரியமில வாயுவைப் பிடிக்கும் இரு வழிகள்

கரியமில வாயுவை ஆலையின் புகைபோக்கியிலேயே மடக்கிவிடலாம். காற்றில் கலந்த பிறகு பிரித்தெடுக்கவும் செய்யலாம். இவ்விரண்டில் எது சிக்கனமானது என்பதைப் பெரும்பாலும் செறிவே முடிவு செய்கிறது. நிலக்கரிப் புகையில் அவ்வாயு ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காடு இருக்க, வெளிக்காற்றில் 0.04 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. இவ்வளவு நீர்த்துப்போனதைப் பிரிக்க, இயற்பியல் விதிப்படி வேண்டிய குறைந்தபட்ச ஆற்றலே சுமார் மூன்று மடங்காகிறது.

புகைபோக்கி முறையில், சாம்பலும் கந்தகமும் நீக்கிக் குளிர்வித்த புகை ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து மேலேற, உச்சியிலிருந்து வழியும் அமீன் (அம்மோனியாவோடு தொடர்புடைய சேர்மம்) கரைசல் அதிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. அக்கரைசலை அடுத்த கோபுரத்தில் 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் வாயு தனியே பிரியும். கரைசல் மீண்டும் வேலைக்குத் திரும்பும். பிடிப்பதைவிட விடுவிப்பதற்குத்தான் செலவு அதிகம். மோனோஎத்தனாலமீன் என்னும் பழைய கரைசலுக்கு ஒரு டன் வாயுவைப் பிரிக்க 3.5 கிகாஜூல் (ஒரு கிகாஜூல் என்பது நூறு கோடி ஜூல்) அல்லது அதற்கும் மேற்பட்ட வெப்பம் தேவைப்படுகிறது. அனல்மின் நிலையத்தில் அது டர்பைனைச் சுழற்ற வேண்டிய நீராவியிலிருந்தே போகிறது. புதிய கரைசல்கள் இதை 2.5 கிகாஜூலை ஒட்டிக் குறைத்திருப்பதையே இத்துறையின் மெய்யான முன்னேற்றமாக நான் கருதுகிறேன்.

தூத்துக்குடியின் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துச் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) தயாரிக்கும் வகையில் ஓர் அமைப்பு 2016இல் நிறுவப்பட்டது. வாயுவுக்கு விலை கிடைப்பதால் கணக்கு கட்டுப்படியாகும். ஆனால் அந்தச் சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மீண்டும் காற்றில் சேரும் என்பதால் இதை நிரந்தரத் தீர்வாகக் கொள்ள இயலாது. கனடாவின் பவுண்டரி டாம் அனல்மின் நிலையமோ 2014இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்ற இலக்குடன் தொடங்கி, பல ஆண்டுகள் அதற்குக் கீழேயே நின்றது. சிமெண்ட் ஆலைகளுக்கு இம்முறை இன்னும் இன்றியமையாதது. அங்கே வெளியேறும் வாயுவில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் சிதைவதால் வருவது, எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. நார்வேயின் பிரெவிக் ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் திட்டத்தை 2025இல் தொடங்கியது.

புகையில் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியுமே மிஞ்சும்படி, நிலக்கரியைத் தூய ஆக்சிஜனில் எரிக்கும் முறையும் உண்டு. ஆக்சிஜனைப் பிரிக்கவே மின்சாரம் கரைவதால் அது பெரிதாக வளரவில்லை.

காற்றிலிருந்து பிடித்துப் பாறைக்குள் சேமிப்பதில் ஐஸ்லாந்தே முன்னோடி. அங்கே 2021இல் ஓர்கா என்னும் ஆலை 4,000 டன், 2024இல் மம்மத் என்னும் ஆலை 36,000 டன் ஆண்டுத் திறனுடன் தொடங்கின. உண்மையில் பிடித்தது இதைவிட மிகக் குறைவு. விசிறிகள் இழுக்கும் காற்று வடிகட்டிகளைக் கடக்கிறது. அவை நிறைந்ததும் 100 டிகிரி அளவில் சூடாக்கி வாயுவைப் பிரித்து, நீரில் கரைத்துப் பாசால்ட் என்னும் எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கு நடந்த முன்னோடி ஆய்வில் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கல்லாக இறுகியது. விமானமும் வாகனமும் ஏற்கெனவே கக்கியதைத் திரும்ப எடுக்க இவ்வழிதான் உதவும் என்பதால் இதன் ஆராய்ச்சியை நிறுத்தக் கூடாது.

ஆனால் ஐஸ்லாந்துக்குப் புவிவெப்பம் வாய்த்திருக்கிறது. மின்சாரத்துக்கு நிலக்கரியையே பெரிதும் நம்பும் இந்தியா போன்ற நாட்டில், அந்த மின்சாரத்தைக் கொண்டு காற்றை வடிகட்டுவதைவிட, அதே பணத்தைச் சிமெண்ட், எஃகு ஆலைகளின் புகைபோக்கிகளில் செலவிட்டால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கூடுதல் வாயு பிடிபடும்.