டயபர் மாற்றும் மேசைக்கு எது நல்லது? பிளீச், குவாட், பெராக்சைடு: ஓர் ஒப்பீடு

கைக்குழந்தைகளும் தவழும் பருவத்துக் குழந்தைகளும் இருக்கும் காப்பகத்துக்குக் கிருமிநாசினி தேடினால் கடைசியில் மூன்று வகைதான் கையில் நிற்கும். ஒன்று, சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் பிளீச். இரண்டாவது, குவாட் என்று சுருக்கிச் சொல்லப்படும் குவாட்டர்னரி அம்மோனியம் கலவைகள். லேபிளில் பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைடு என்று இருக்கும். மூன்றாவது, அழுக்கை நீக்கும் பொருள்களும் கொஞ்சம் அமிலமும் சேர்த்துத் தயாரித்த ஹைட்ரஜன் பெராக்சைடு.

அன்றாட வேலைக்கு நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது. வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தம் என்று வந்தால் பிளீச். குழந்தைகள் இருக்கும் அறைக்குள் குவாட்டுக்கு வேலை குறைவு என்பது என் கருத்து.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரு வரியில் முடித்துவிடலாம்: அழுக்கின் மேல் எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது, முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து எடுக்க வேண்டும். தரைக்குத் தினமும் கிருமிநாசினி தேவையில்லை, டிடர்ஜென்ட் போதும். கிருமிநாசினி தேவைப்படும் இடங்கள் டயபர் மாற்றும் மேசை, கழிப்பறை இருக்கை, குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, வாயில் வைத்த பொம்மை. கீரிப்பூச்சி முட்டைகளை இந்த மூன்றில் எதை நம்பியும் விட்டுவிட முடியாது. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதும், துணிகளைச் சூடான தண்ணீரில் துவைப்பதும்தான் அதற்கு வழி.

எந்தக் கிருமிக்கு எது

இன்ஃப்ளுவென்சா, கொரோனா போன்ற வைரஸ்களுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு. அதைக் கிழித்தால் வைரஸ் செயலிழந்துவிடும். குவாட் செய்வது இதைத்தான், நன்றாகவே செய்யும். ஆனால் காப்பகத்தை முடக்கிப்போடும் நோய்கள் பெரும்பாலும் அந்த உறை இல்லாத வைரஸ்களால் வருகின்றன: நோரோவைரஸ், ரோட்டாவைரஸ், அடினோவைரஸ், கை-கால்-வாய் நோயை உண்டாக்கும் என்டெரோவைரஸ்கள். கிழிக்க உறையே இல்லாத இடத்தில் சாதாரணக் குவாட் தடுமாறும். கை தேய்க்கும் ஆல்கஹால் ஜெல் நோரோவைரஸிடம் தோற்பதும் இதனால்தான். அந்த நேரத்தில் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கைக்குக் காவல்.

பிளீச்சும் பெராக்சைடும் ஆக்சிஜனேற்றம் மூலம் வேலை செய்பவை. வைரஸின் புரதத்தையே சிதைப்பதால், உறை இருக்கிறதா இல்லையா என்பது அவற்றுக்குப் பெரிய தடை ஆகாது. எதை வாங்கினாலும் லேபிளில் நோரோவைரஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சில குவாட் தயாரிப்புகளிலும் அது இருக்கும். இல்லாவிட்டால், ‘99.9 சதவீதம்’ என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் காப்பகத்துக்கு அது உதவாது.

முடிவைத் தீர்மானிப்பது ஈரம் நிற்கும் நேரம்

இந்த மூன்றையும் ஒப்பிடும்போது பலர் விலையையும் வாசனையையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் ‘தொடர்பு நேரம்’. அந்த நேரம் முழுவதும் பரப்பு ஈரமாகவே இருந்தால்தான் கிருமி சாகும். இடையில் காய்ந்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

பல குவாட் தயாரிப்புகளில் இது 10 நிமிடம். பிளீச்சில் அடர்த்தியையும் கிருமியையும் பொறுத்து மாறும். நோரோவைரஸுக்குக் குறைந்தது 5 நிமிடம். சுமார் 0.5 சதவீத அடர்த்தியில், துணைப்பொருள்களோடு தயாரித்த பெராக்சைடுக்குப் பாக்டீரியாவையும் வைரஸையும் பொறுத்தவரை 1 நிமிடத்தில் வேலை முடியும் வகைகள் உண்டு. பூஞ்சைக்கு 5 நிமிடம் வரை ஆகும்.

இந்த எண்களை டயபர் மாற்றும் மேசையில் பொருத்திப் பாருங்கள். எட்டுக் கைக்குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு ஐந்து முறை மாற்றம் என்று வைத்துக்கொண்டால் 40 முறை மேசையைத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் காத்திருந்தால் 400 நிமிடம், அதாவது ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேசை குழந்தைக்குக் கிடைக்கவே கிடைக்காது. 5 நிமிடம் என்றால் 200 நிமிடம், அதுவும் நடைமுறைக்கு ஒத்துவராது. 1 நிமிடம் என்றால் 40 நிமிடம். அழுதுகொண்டிருக்கும் அடுத்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு 10 நிமிடம் யாரும் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை. ஊழியர் முப்பது நொடியில் துணியால் துடைத்துவிட்டுக் குழந்தையைக் கிடத்துவார். காகிதத்தில் கிருமிநீக்கம் நடந்திருக்கும், மேசையில் நடந்திருக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. மேசை விரிப்பு 80 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 0.4 சதுர மீட்டர். வழக்கமான ஸ்ப்ரே பாட்டில் ஓர் அழுத்துக்கு ஏறத்தாழ 1 மி.லி. விடும். நான்கு முறை அழுத்திப் பரப்பினால் கிடைப்பது நூறில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈரப்படலம். மின்விசிறி ஓடும் அறையில் அது ஒன்றிரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். 10 நிமிடம் ஈரமாக வைக்க வேண்டுமானால் 20 மி.லி. அளவுக்கு ஊற்ற வேண்டும், இல்லையென்றால் நடுவில் பல முறை மறுபடியும் நனைக்க வேண்டும். ஊற்றினால் விளிம்பில் வழிந்து தரை வழுக்கும். கதவுக் கைப்பிடி, குழாய் போன்ற செங்குத்துப் பரப்புகளில் திரவம் நிற்காததால் நிலைமை இன்னும் மோசம்.

வாங்குவதற்கு முன் இதை நீங்களே சோதிக்கலாம். உங்கள் ஊழியர் வழக்கமாகத் துடைப்பது போலவே, அதே துணியால், அதே அளவு திரவத்தில், மின்விசிறியை ஓடவிட்டு விரிப்பைத் துடைக்கச் சொல்லுங்கள். முதல் காய்ந்த திட்டு தெரியும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். லேபிளில் உள்ள நேரத்தை விட அது குறைவாக இருந்தால், அந்தத் தயாரிப்பு உங்கள் அறைக்குப் பொருந்தாது, அல்லது அளவைக் கூட்ட வேண்டும்.

பெராக்சைடிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் வெறும் 3 சதவீதப் பெராக்சைடு இதே வேலையை 1 நிமிடத்தில் செய்யாது. வேகம் வருவது துணைப்பொருள்களால்தான், பெராக்சைடின் சதவீதத்தால் மட்டும் இல்லை. ‘3 சதவீதம் இருக்கிறது, 0.5-ஐ விட ஆறு மடங்கு பலம்’ என்று யாராவது விற்க வந்தால் லேபிளில் நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பிளீச்சுக்கு உரிய இடம்

பிளீச் மலிவு, எங்கும் கிடைக்கும், நோரோவைரஸுக்கு எதிராக நம்பகமானது. ஆனால் டயபர் மேசையில் அன்றாடம் பயன்படுத்தக் கூடாததற்கு ஒரு வேதியியல் காரணம் உண்டு. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடும் யூரியாவோடும் சேர்ந்தால் குளோரமின் வாயுக்கள் வரும். கண்ணும் தொண்டையும் எரியும். சிறிய, காற்றோட்டம் குறைந்த அறையில், மூச்சிழுப்பு உள்ள குழந்தைக்கு இது பெரிய தொந்தரவு. ஆஸ்துமாவைத் தூண்டும் பொருள்களின் வரிசையில் பிளீச்சும் இருக்கிறது, குவாட்டும் இருக்கிறது. பெராக்சைடு சிதைந்தால் மிஞ்சுவது தண்ணீரும் ஆக்சிஜனும்தான். எனக்கு இது இரண்டாவது பெரிய காரணம். ஆனால் சில தயாரிப்புகளில் பெராக்சைடோடு பெராசிடிக் அமிலமும் சேர்ந்திருக்கும். அது கடுமையாக உறுத்தும், குழந்தைகள் அறைக்கு வேண்டாம்.

பிளீச் கரைசலைச் சரியாகக் கலப்பதும் நாளுக்கு நாள் கடினமாகும் வேலை. 5 சதவீத பிளீச் என்றால் 50,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்னும் அளவு). உணவு மேசைக்கு 100 பி.பி.எம். போதும்: 1 லிட்டருக்கு 2 மி.லி. பொதுக் கிருமிநீக்கத்துக்கு 1,000 பி.பி.எம்.: 20 மி.லி. பிளீச், 980 மி.லி. தண்ணீர். வாந்திக்கும் ரத்தத்துக்கும் 5,000 பி.பி.எம்.: 100 மி.லி. பிளீச், 900 மி.லி. தண்ணீர். இதெல்லாம் பாட்டிலில் உண்மையிலேயே 5 சதவீதம் இருந்தால்தான். வெயிலும் சூடும் பட்ட இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலில் அது இருக்காது. குளிர்ந்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. குளோரின் சோதனைத் தாளைத் தோய்த்துப் பார்ப்பது அரை நிமிட வேலை, அதை விட்டுவிடாதீர்கள். ஒரே அளவில் வரும் குளோரின் மாத்திரைகள் இந்த அளவுக் குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கும். உலர்வாக வைத்தால் திரவத்தை விட நீண்ட நாள் தாங்கும்.

ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் நான் பிளீச்சைத்தான் எடுப்பேன். மற்ற குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ள வேண்டும். காகிதத் துண்டுகளால் வாந்தியை மூடி, வெளியிலிருந்து உள்நோக்கி வழித்து எடுத்துப் பையில் கட்ட வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவதோ வேக்யூம் போடுவதோ கூடாது, கிருமி காற்றில் பறக்கும். பிறகு சோப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர், அதன் பின் 5,000 பி.பி.எம். கரைசல். 5 முதல் 10 நிமிடம் ஈரமாக விட்டு, கடைசியில் தண்ணீரால் துடைக்க வேண்டும். வாந்தி தெறிக்கும் தூரம் கண்ணுக்குத் தெரிவதை விட அதிகம் என்பதால் சுற்றிலும் இரண்டு மீட்டர் வரை துடைப்பது நல்லது; அங்கிருக்கும் நாற்காலிக் கால்களையும் பொம்மைக் கூடையின் வெளிப்புறத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கம்பளத்தில் பிளீச் ஊற்ற முடியாது, நீராவிதான் போட வேண்டும். தவழும் குழந்தைகள் அறையில் கம்பளமே வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

குவாட் எங்கே சறுக்குகிறது

குவாட் கெட்ட பொருள் இல்லை. வாசனை மிதமாக இருக்கும், துணி நிறம் மங்காது, உலோகத்தை அரிக்காது. அலுவலக மேசை, ஊழியர் அறை, சுவர் இவற்றுக்குத் தாராளமாகப் போதும்.

சிக்கல் பயன்படுத்தும் விதத்தில் வருகிறது. குவாட் நேர்மின் சுமை கொண்டது. பருத்தித் துணியை வாளியில் முக்கினால் அந்த இழைகள் குவாட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துணியிலிருந்து மேசைக்கு வருவது பெரும்பாலும் தண்ணீர். சாதாரண சோப்பும் டிடர்ஜென்டும் எதிர்மின் சுமை கொண்டவை என்பதால், சோப்பால் துடைத்துச் சரியாக அலசாத பரப்பில் குவாட் செயலிழக்கும். கடினத் தண்ணீரும் பலத்தைக் குறைக்கும். வாளியில் நுரை இருக்கிறது, மணம் இருக்கிறது, ஆனால் கிருமி சாகவில்லை என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. மேலும், குவாட் காய்ந்த பிறகு பரப்பிலேயே தங்கும். தொடர்ந்து பூசினால் பிசுபிசுப்பான படலம் சேரும். வாயில் வைக்கும் பொம்மையில் அது தங்கக் கூடாது, கட்டாயம் அலச வேண்டும். ஆல்கஹால் சேர்த்த குவாட் துடைப்புத் தாள்கள் இதை விட வேகமாக வேலை செய்பவை, ஆனால் சீக்கிரம் காயும், தீப்பிடிக்கும்.

பெராக்சைடு வாங்குவோர் கவனத்துக்கு

மார்பிள் போன்ற சுண்ணாம்புக் கற்களை இதிலுள்ள அமிலம் அரிக்கும். செம்பு, பித்தளைப் பரப்புகளுக்கும் ஆகாது. நிறத் துணிகள் வெளுக்கலாம். ரப்பர் விரிப்பு, வார்னிஷ் அடித்த மரம் ஆகியவற்றில் வருடக்கணக்கில் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. கண்ணில் படாத மூலையில் சில வாரம் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். மேசை விரிப்பின் மேலுறை கிழிந்து உள்ளே ஸ்பாஞ்ச் தெரிந்தால் எந்தக் கிருமிநாசினியாலும் அதைச் சுத்தப்படுத்த முடியாது, விரிப்பையே மாற்ற வேண்டும்.

விலை மூன்றிலும் இதற்குத்தான் பொதுவாக அதிகம். தண்ணீரில் கலக்கும் அடர் திரவமாக வாங்கினால் இடைவெளி குறையும். கலந்த பிறகு எத்தனை நாள் பலம் நிற்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அதனால் கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்ட வேண்டும். பனிபோல் தூவும் ஸ்ப்ரே தலை வேண்டாம், குழந்தைகள் அதைச் சுவாசிப்பார்கள். பெரிய துளிகளாக விடும் தலையை வாங்குங்கள், அல்லது துணியில் ஊற்றித் துடைக்கச் சொல்லுங்கள்.

இரண்டையும் ஒரே கட்டிடத்தில் வைப்பதால் ஓர் ஆபத்தையும் கையாள வேண்டும். அமிலம் கலந்த பெராக்சைடும் பிளீச்சும் ஒன்று சேர்ந்தால் சூடாகிப் பொங்கும், குளோரின் வாயுவும் வரலாம். வாளி, துணி, பாட்டில் எல்லாம் தனித்தனி நிறத்தில் இருக்கட்டும். பிளீச் பூட்டிய அலமாரியில், வாந்திக்கான பையோடு மட்டும் இருக்கட்டும். பெராக்சைடு மெதுவாக ஆக்சிஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அது வந்த பாட்டிலிலேயே, காற்று வெளியேறும் மூடியோடு வைக்க வேண்டும். இறுக்கமாக மூடும் வேறு பாட்டிலுக்கு மாற்றினால் பாட்டில் உப்பி வெடிக்கக்கூடும்.