கர்ட்டிஸ் பொட்டானிக்கல் மேகசின்: மொட்டைமாடித் தோட்டக்காரனுக்கு அது எதற்கு?

பூச்செடி பிரியர்களுக்கென்று வரும் பத்திரிகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே முகம்தான். அட்டையில் ரோஜா, உள்ளே உர விளம்பரம், நடுப்பக்கத்தில் 'பத்தே நாளில் பூத்துக் குலுங்க' என்று ஒரு கட்டுரை. ரெண்டு வருஷம் சந்தா கட்டினால் மூணாவது வருஷம் அதே கட்டுரை வேறு படத்தோடு வந்து நிற்கும். இந்தக் கூட்டத்தில் சேராத ஒன்றைத்தான் நான் பல வருஷமாக விடாமல் படிக்கிறேன்: 1787 பிப்ரவரியில் லண்டனில் தொடங்கி, இன்றும் கியூ தாவரவியல் பூங்காவின் சார்பில் வந்துகொண்டிருக்கும் கர்ட்டிஸ் பொட்டானிக்கல் மேகசின்.

இதில் என் கட்சி கொஞ்சம் ஏறுமாறானது. சென்னை வெயிலில் மொட்டைமாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கும் புது இதழைவிட, காசே இல்லாமல் கிடைக்கும் பழைய இதழ்தான் அதிகம் உதவும். தொடக்கத்திலிருந்து 1920 வரை வந்த தொகுதிகளை பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. பதிவும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

வில்லியம் கர்ட்டிஸ் மருந்து தயாரிப்பவராக இருந்து தாவரவியலுக்கு வந்தவர். முதலில் லண்டனைச் சுற்றி இயல்பாக முளைக்கும் செடிகளைப் பற்றி 'ஃப்ளோரா லண்டினென்சிஸ்' என்று ஒரு பெரிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். பேர் வந்தது, பணம் வரவில்லை. வாசலில் முளைக்கிற களைச்செடிக்கு யார் காசு கொடுப்பார்கள்? பணக்கார வீட்டுத் தோட்டங்களில் அப்போது வெளிநாட்டுச் செடி மோகம். அதைப் பிடித்துக்கொண்டு, மாதம் மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம், விலை ஒரு ஷில்லிங் என்று இந்த இதழைத் தொடங்கினார். முதல் படம் ஐரிஸ் பெர்சிகா. திறந்த வெளியிலும் கிரீன்ஹவுஸிலும் ஸ்டவ்விலும் வளரும் அழகான அயல்நாட்டுச் செடிகளை இயல்பான நிறத்தில் காட்டுவோம் என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருந்தார்.

நமக்குப் பிடி கிடைப்பது இந்த மூன்று வகுப்பில்தான். ஸ்டவ் என்பது கரி எரித்துச் சூடேற்றிய கண்ணாடி வீடு. அதில் வைத்தால்தான் பிழைக்கும் என்று அவர்கள் எழுதிய செடி, பெரும்பாலும் நம் மாடியில் சும்மாவே நிற்கும். கிரீன்ஹவுஸ் என்றால் உறைபனி படாமல் காத்தால் போதும் என்று அர்த்தம். அந்த வகைக்கு ஏற்காடு, கொடைக்கானல், பெங்களூர் வரைக்கும் போகலாம், கீழே இறங்கினால் சந்தேகம். திறந்த வெளியில் பனியைத் தாங்கும் என்று எழுதியிருந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். ஆன்லைனில் விதை வாங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதிப் பணம் மிச்சம்.

ஆனால் அது முதல் சல்லடைதான், அதை மட்டும் நம்ப முடியாது. ஹோயா பெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். தொங்குதொட்டியில் வைக்கும் சின்ன இலை ஹோயா, வெள்ளைப் பூவும் நடுவில் ஊதாச் சிவப்பும். அதற்கு அந்தப் பெயரை வைத்து உலகத்துக்கு அறிமுகம் செய்தது 1848-இல் இந்த இதழ்தான், எழுதியவர் கியூவின் இயக்குநர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர். இங்கிலாந்தில் அதை ஸ்டவ்வில்தான் வளர்த்தார்கள். அப்படியானால் சென்னைக்கு ஒத்துப்போக வேண்டுமே, ஏன் மே மாதத்தில் இலையை உதிர்க்கிறது? விடை, அது சேகரிக்கப்பட்ட இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் வீட்ச் நர்சரிக்காகச் செடி தேடிப் போன தாமஸ் லாப் அதை எடுத்தது பர்மாவில், மௌல்மீன் பக்கத்து மலையில். நம் செட்டிநாட்டுக்காரர்கள் லேவாதேவி நடத்திய அதே மௌல்மீன்தான், ஆனால் செடி இருந்தது ஊருக்குள் அல்ல, மலைமேல் மரக்கிளையில். காற்றோட்டமும் ஈரமும் ராத்திரிக் குளிர்ச்சியும் உள்ள இடம். அதனால் வகுப்பைப் பார்த்த கையோடு யார், எங்கே, எந்த உயரத்தில் எடுத்தார்கள் என்ற வரியையும் படிக்க வேண்டும். பழைய இதழ்களில் அநேகமாக எல்லாக் கட்டுரையிலும் அந்த வரி உண்டு. முதலில் லத்தீனில் சில வரிகள் வரும், தாண்டிப் போகலாம். பிறகு ஆங்கிலத்தில் எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார், எந்தத் தோட்டத்தில், எந்த மாதம் பூத்தது என்று வரும்.

தேடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் படிக்கிற பத்திரிகை இல்லை இது. உங்களிடம் இருக்கும் செடியின் தாவரவியல் பெயரை கியூவின் 'பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' பட்டியலில் போட்டால், அந்தப் பெயர் முதலில் வெளியான இடம் வரும். வெள்ளை ரெயின் லில்லிக்கு, அதாவது செஃபிராந்தஸ் கேண்டிடாவுக்கு, வருவது 'பாட். மேக். 53: டி. 2607'. 'பாட். மேக்.' என்பது நம் இதழ்தான்: 53-ஆம் தொகுதி, 2607-ஆம் படம், வருஷம் 1826. இந்தப் பட எண்தான் சாவி. பக்க எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1948-இல் எண் வரிசை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியதையும் நினைவில் வையுங்கள், இல்லாவிட்டால் குழப்பம்தான்.

ரெயின் லில்லி எனக்குப் பைத்தியம் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். 2607-க்குப் பதின்மூன்று எண் முன்னால், 2594-இல், பெரிய ரோஸ் நிறப் பூ பூக்கும் செஃபிராந்தஸ் கரினாட்டா இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் சூட்டியவர் வில்லியம் ஹெர்பர்ட், பாதிரியார், குமிழ்ச் செடிகளில் அந்தக் காலத்துப் பெரிய கை. நர்சரியில் இரண்டும் ஒரே வரிசையில் இருக்கும், கேட்டால் 'ரெண்டுக்கும் ஒரே பராமரிப்புதான் சார்' என்பார்கள். அப்படி இல்லை. வெள்ளை, தென் அமெரிக்காவில் லா பிளாட்டா ஆற்றுப் பக்கத்துச் சதுப்பு நிலங்களிலிருந்து வந்தது. ரோஸ், மெக்சிகோ பக்கம். குமிழ் உள்ள எதற்கும் தண்ணீர் தேங்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். சதுப்புச் செடி என்று தெரிந்தபிறகு வெள்ளைத் தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிற்க விட்டேன். அழுகவில்லை. இலை தடித்து, புல்கட்டு மாதிரி அடர்ந்து, ஐப்பசி மழையில் மாடி ஓரம் முழுக்க வெள்ளையாக நின்றது. ரோஸுக்கு இந்த உபசாரம் ஆகாது. அதைச் சில வாரம் காயப்போட்டு, பிறகு ஒரேயடியாக நனைத்தால்தான் மொட்டுத் தண்டு கிளம்புகிறது. ஒரே தட்டில் இரண்டையும் வைத்துப் பரிமாறுகிற நர்சரிக்காரர் சொல்லும் வழியில் ஏதோ ஒன்று எப்போதும் பட்டினி.

இதில் ஒரு சின்ன வம்பும் உண்டு. வெள்ளை ரெயின் லில்லி 1826-க்கு முன்பே, 1823-இல், 'அமரில்லிஸ் கேண்டிடா' என்ற பெயரில் 'பொட்டானிக்கல் ரெஜிஸ்டர்' இதழில் வந்துவிட்டது, எழுதியவர் ஜான் லிண்ட்லி. அந்த ரெஜிஸ்டர், கர்ட்டிஸ் இதழின் போட்டிப் பத்திரிகை. 1815-இல் அதைத் தொடங்கியவர் சிடென்ஹாம் எட்வர்ட்ஸ். சின்னப் பையனாக இருந்தபோது கர்ட்டிஸே கண்டெடுத்து லண்டனுக்குக் கூட்டிவந்து ஓவியனாக்கிய ஆள்! கர்ட்டிஸ் இதழுக்கு ஆயிரக்கணக்கில் படம் வரைந்துவிட்டுத் தனிக்கடை போட்டுவிட்டார். ஒரு செடி எந்த இதழில் முதலில் வந்தது என்று பார்க்கும்போதெல்லாம் இந்தப் பங்காளிச் சண்டை எட்டிப் பார்க்கும்.

நம் தெருவில் சித்திரை, வைகாசியில் செக்கச்செவேல் என்று நிற்கும் குல்மொஹருக்கும் முதல் அறிவியல் பெயர் கிடைத்தது இதே இதழில்தான். 1829, பட எண் 2884, பெயர் பாயின்சியானா ரீஜியா. மடகாஸ்கரில் அதைப் பார்த்தவர் வென்சல் போயர், பதிப்பித்தவர் ஹூக்கர். இப்போதைய பெயர் டெலோனிக்ஸ் ரீஜியா. பழைய தொகுதிகளில் இந்தப் பெயர் மாற்றம் பெரிய தொல்லை. ஹிப்பியாஸ்ட்ரம் எல்லாம் அமரில்லிஸ் என்றுதான் இருக்கும். கியூ பட்டியலில் இன்றைய பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் லேபிளில் எழுதாதீர்கள்.

படங்களைப் பற்றி. தொடக்கத்தில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள், பிறகு கல்லச்சு. ஆனால் வண்ணம் மட்டும் 1948 வரை கையால்தான், ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக! மாதிரி ஒன்றை முன்னால் வைத்து, தீட்டும் ஆட்கள் வரிசையாகப் பூசிக்கொண்டே போவார்கள். அதனால் ஒரே படம் இரண்டு நூலகப் பிரதியில் இரண்டு விதமாக இருக்கும். ஒன்றில் இதழின் ஓரம் மட்டும் ரோஸ், இன்னொன்றில் பூ முழுக்க ரோஸ். இலைப் பச்சை ஒன்றில் மஞ்சளடித்திருக்கும், மற்றதில் கறுத்திருக்கும். எனவே பூவின் நிறத்தை வைத்து ரகம் கண்டுபிடிக்க இந்தப் படங்களை நம்பவே கூடாது. கோடுகளை நம்பலாம். மகரந்தத்தாள் எத்தனை, சூலகமுடி எப்படிப் பிளந்திருக்கிறது, இலைக்காம்பு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல படம் செல்போன் கேமராவில் கிடைக்காது. ஓரத்தில் பூவை அறுத்துத் தனியாகக் காட்டியிருப்பார்களே, முதலில் அதைப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது வால்டர் ஹூட் ஃபிட்ச் காலம். 1834-இல் சேர்ந்தவர் நாற்பது வருஷத்துக்கும் மேல் வரைந்தார். அமேசானின் ராட்சத அல்லிக்காக 1847 ஜனவரி இதழையே ஒதுக்கி நான்கு படம் போட்டார்கள், அத்தனையும் அவர் கை. கடைசியில் சம்பளத் தகராறில் 1877-இல் விலகினார். அவருக்குப் பின் நிலைத்தவர் மட்டில்டா ஸ்மித். 1889-இல் கியூவில் டைட்டன் ஆரம் பூத்தபோது வரைந்தது இவர். நம் சேனைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட அண்ணன், சுமத்ராக்காரன். அழுகிய மாமிச வாடையில் உட்கார்ந்து அளவெடுத்து வரைந்திருக்கிறார். 1891-இல் வந்த அந்தப் படங்களைப் பார்த்தால், வீட்டில் சேனை பூத்து நாற்றமடிக்கும்போது தூக்கிப் போடத் தோன்றாது.

குறைகளும் இருக்கின்றன. நம் மண்ணின் செடிகளுக்கு இது சரியான இடம் இல்லை. பெரும்பாலும் இங்கிலாந்துத் தோட்டத்தில் பூத்ததைத்தான் அவர்கள் வரைந்தார்கள். தென்னிந்தியச் செடிக்குத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838-இலிருந்து 1853 வரை சென்னையில் வெளியிட்ட 'ஐகோன்ஸ்' தொகுதிகள்தான் கதி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், வரைந்ததில் பெரும்பங்கு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மூர் ஓவியர்களுடையது. வண்ணம் இருக்காது. கர்ட்டிஸ் இதழின் ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்துத் தேடலும் சரியாக வேலை செய்யாது. பழைய அச்சின் நீள 'எஸ்' எழுத்தைக் கணினி 'எஃப்' என்று படித்துவிடும்.

புது இதழ்களுக்கு வருவோம். வருஷத்துக்கு நாலு இதழ். அச்சு அபாரம், ஓவியர்கள் இன்றும் நீர்வண்ணத்தில்தான் வரைகிறார்கள், பரவல், பாதுகாப்பு நிலை எல்லாம் விரிவாக இருக்கும். ஆனால் நடை இப்போது ஆய்விதழ் நடை. சந்தாவும் பல்கலைக்கழக நூலகங்களை மனதில் வைத்துப் போட்ட சந்தா, தனியாள் கட்டினால் கையைக் கடிக்கும். ஒரு குறிப்பிட்ட பேரினத்தில் இறங்கியிருந்தால் அந்தக் கட்டுரையை மட்டும் தேடிப் பிடியுங்கள், சில கட்டுரைகள் இலவசமாகவும் திறந்திருக்கின்றன. நான் புது இதழில் முதலில் போவது வளர்ப்புப் பகுதிக்கு. மண்கலவை, பதியன், விதை முளைப்பு எல்லாம் கண்ணாடி வீட்டில் வளர்த்தவர்களே சொல்வார்கள். குறைந்தபட்சம் எத்தனை டிகிரி வேண்டும் என்று தவறாமல் போடுவார்கள். அதிகபட்சம் எத்தனை டிகிரி தாங்கும் என்று நான் படித்தவரை அநேகமாக யாரும் எழுதவில்லை. கத்திரி வெயிலில் எனக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான், அதற்கு இன்னமும் 1840-களின் 'எந்த மலை, எந்த உயரம்' வரியைத்தான் தேடிப் போகிறேன்.