ஆண் மலட்டுப் பருத்தி விதை: வாங்குவதற்கு முன்

இரண்டு பருத்தி ரகங்களைக் கையால் ஒட்டுச்சேர்த்து விதை எடுக்கும் கிராசிங் காடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆத்தூர் பக்கம் அரை ஏக்கரில் வீரிய ஒட்டுப் பருத்தி விதை எடுக்கிறோம். இந்த வருஷம் கம்பெனி கொடுத்தது ஆண் மலட்டுப் பெண் விதை, அதாவது பூவில் மகரந்தம் வராத தாய்ச்செடிக்கான விதை. முளைப்பு அருமை, குறையே இல்லை. ஆனால் பாதிச் செடியைப் பிடுங்கிப் போட வேண்டியிருக்கும் என்று கூட வந்த சீட்டில் ஒரு வரிகூட இல்லை, அதில்தான் எனக்குக் கோபம்.

ஏன் பாதி? எம்.எஸ்.5, எம்.எஸ்.6 என்ற இரண்டு மரபணுக்களும் ஒடுங்கிய நிலையில் சோடியாக இருந்தால்தான் பூவில் மகரந்தம் வராது. அப்படிப்பட்ட செடி தானாக விதை கட்டாது, அதனால் மகரந்தம் உள்ள அதன் உடன்பிறப்போடு சேர்த்துத்தான் பெருக்குகிறார்கள். பிறப்பதில் பாதி மலடு, பாதி வளமானது. முதல் பூ விரியும்வரை எது எது என்று தெரியாது. காலையில் மகரந்தப்பைகளை விரலால் தேய்த்துப் பாருங்கள், மஞ்சள் தூள் ஒட்டினால் அந்தச் செடியை அப்போதே பிடுங்கிவிட வேண்டும். மலட்டுப் பூவில் பைகள் சிறுத்து, வெளுத்து, வெடிக்காமல் கிடக்கும். நாங்கள் நாலு நாள் தாமதித்தோம், அதற்குள் தேனீக்கள் மகரந்தத்தைப் பரப்பிவிட்டன, பிடித்த பிஞ்சுகளையெல்லாம் கிள்ளி எறிய வேண்டியதாயிற்று.

சரி, லாபம் என்ன என்றால், பூ தன் மகரந்தத்தையே ஏற்காமல் இருக்க மதியத்துக்கு மேல் மொட்டு உரிக்கிற வேலை அடியோடு போனது. மறுநாள் விரியப்போகும் மொட்டில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, சூலகத்தில் கீறல் படாமல் இதழையும் மகரந்தத்தாள் குழாயையும் சேர்த்து உருவ வேண்டும், சீசன் முடிவதற்குள் என் அக்காவுக்கு நகக்கண்ணெல்லாம் புண்ணாகிவிடும். இப்போது காலையில் ஆண் பூவைக் கொண்டுவந்து தொட்டுவிட்டால் போதும்.

சைட்டோபிளாச மலடு, அதாவது உயிரணுவின் சைட்டோபிளாசம் வழியாகத் தாய்ச்செடியிலிருந்து வரும் மலடு, வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். ஹார்க்னெஸ்ஸி என்ற காட்டுப் பருத்தியிலிருந்து வந்தது அது, அமெரிக்காவில் வெஸ்டா மேயர் 1975இல் அதைப் பற்றி எழுதினார். அதில் பெண் செடி அத்தனையும் மலடுதான், பிடுங்கும் வேலை கிடையாது. ஆனால் ஆண் செடியில் வளம் மீட்கும் மரபணு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நம் விதையை வாங்கி விதைப்பவரின் காட்டில் மகரந்தமே இருக்காது. நாங்கள் போட்ட வகைக்குச் சாதாரண ரகமே ஆணாகப் போதும். கோவையில் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல நிலையம் 1978இல் சுகுணா என்ற வீரிய ஒட்டுப் பருத்தியை எங்கள் வகை மலட்டு வழியில்தான் கொண்டுவந்தது.

வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். அப்புறம் ஒன்று, குழிக்கு இரண்டு விதையாவது போட்டு, முதல் பூவைப் பார்க்கும்வரை கூடுதல் செடியைக் கலைத்துவிடாதீர்கள்.